வடக்கே ஐப்பசியில் நடுவது, நம் கடைக்குத் தையில் வருவது

உருளைக்கிழங்கு மூட்டைக்கு விலை ஏறினால் லாரி வாடகையைக் காரணம் சொல்கிறோம். இறங்கினால் வரத்து அதிகம் என்கிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த வரத்து எங்கிருந்து, எப்போது முடிவானது என்பதை நம்மில் பலர் கேட்பதில்லை. ஆக்ரா பக்கத்திலோ ஜலந்தர் பக்கத்திலோ ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி, புரட்டாசிக் கடைசியில் தன் வயலில் எதைப் போடுவது என்று எடுக்கும் முடிவுதான் தை மாதம் நம் கடை வாசலில் மூட்டையாக வந்து இறங்குகிறது. உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, பூண்டு ஆகிய மூன்றிலும் இதுவே கதை. ஆகவே வியாபார அன்பர்கள் அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நில அளவு. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 0.73 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பீகாரில் 0.39 ஹெக்டேர், ஒரு ஏக்கர்கூட முழுதாக இல்லை. கோதுமை போட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும், அரசின் ஆதரவு விலையும் உண்டு. ஆனால் கையில் நிற்கும் பணம் சொற்பம். காய்கறி போட்டால் அதே நிலத்தில் பல மடங்கு பணம் பார்க்கலாம், அல்லது போட்ட முதலும் போகலாம். காய்கறிக்கு ஆதரவு விலை கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் அவர் யோசிக்கிறார்.

தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் நடுவில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்கி, அக்டோபர் முதல் பாதிக்குள் வட இந்தியச் சமவெளி முழுவதையும் விட்டு விலகிவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் அதே சமயத்தில் அவர்களுக்கு வானம் வெளுத்து, இரவில் குளிர் எட்டிப் பார்க்கும். நெல்லும் மக்காச்சோளமும் அறுவடையாகி நிலம் காலியாகும். அப்போதிருந்து சுமார் ஆறு வாரத்துக்குள் நட வேண்டியதை நட்டுவிட வேண்டும். நாள் தவறினால் எந்த உரமும் அதை ஈடு கட்டாது.

நாள் தவறுவதும் ரகம் தவறுவதும் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்குக் காலிபிளவரே நல்ல உதாரணம். நம் கடைகளுக்குக் காலிபிளவர் அங்கிருந்து வருவதில்லை என்றாலும் விஷயம் தெரிந்துகொள்ளத் தக்கது. 1822இல் சஹாரன்பூர் கம்பெனித் தோட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த இந்தச் செடிக்கு இன்று முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று தனித்தனி ரகங்கள் உண்டு. முன்பருவ ரகம் வெயில் முழுதும் தணியாதபோதே பூ வைக்கும். பின்பருவத்து ஸ்னோபால் ரகத்துக்கு நல்ல குளிர் தேவை. முன்பருவ ரகத்தைத் தாமதமாக நட்டால், செடி வளருமுன் குளிர் தாக்கி, சட்டைப் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். ஸ்னோபாலை முன்கூட்டியே நட்டால் இலை இலையாக வளர்ந்துகொண்டே போகும், பூ வராது. இதில் கொடுமை என்னவென்றால், விதையைப் பார்த்து எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏக்கருக்கு ஒரு கைப்பிடி, 150 முதல் 250 கிராம் விதைதான். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தால் அது தெரிய வரும்போது பருவமே முடிந்திருக்கும். அதனால்தான் விவரமான விவசாயிகள் சான்று பெற்ற விதைக்கான நீல நிறச் சீட்டையும் பில்லையும் கேட்டு வாங்கி, அறுவடை வரை பத்திரப்படுத்துகிறார்கள். நம்மில் விதை வியாபாரம் செய்யும் அன்பர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முள்ளங்கி, பாலக், வெந்தயக் கீரை எல்லாம் சில்லறைக் காசுக்கான பயிர்கள். கீரை ஒரு மாதத்தில் அறுப்புக்கு வரும், முள்ளங்கி நாற்பது ஐம்பது நாளில் பிடுங்கலாம். அதன் பிறகும் அதே வயலில் தாமதக் கோதுமை விதைக்க நேரம் இருக்கும். செலவு குறைவு, அபாயமும் குறைவு. பக்கத்து ஊர்ச் சந்தையோடு இவற்றின் பயணம் முடிந்துவிடுவதால் நமக்கு இதில் வேலையில்லை.

உருளைக்கிழங்கு

நமக்கு வேலை இருப்பது இங்கேதான். நாட்டின் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உத்தரப் பிரதேசத்தில் விளைகிறது. ஆக்ரா, ஃபிரோசாபாத், ஹாத்ரஸ், ஃபரூக்காபாத், கன்னோஜ் மாவட்டங்கள் இதற்குப் பேர்போனவை. பஞ்சாபின் ஜலந்தர் பகுதி விதைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது. அசுவினிப் பூச்சி குறைவாக உள்ள குளிர் மாதங்களில் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் செடியை வெட்டிவிட்டால் நச்சுநோய் இல்லாத விதை கிடைக்கும் என்று கண்டறியப்பட்ட பிறகுதான் சமவெளியிலேயே விதைக்கிழங்கு உற்பத்தி செய்ய முடிந்தது. அதற்கு முன் மலையிலிருந்துதான் விதை இறங்கி வர வேண்டும்.

ஒரு ஏக்கருக்குச் சுமார் 12 குவிண்டால் விதைக்கிழங்கு வேண்டும். 50 கிலோ சாக்குக் கணக்கில் 24 மூட்டை. அந்த மூட்டைகள் மார்ச்சிலிருந்து கோல்டு ஸ்டோரேஜில் இருந்தவை. அவற்றுக்கு வாடகை உண்டு. நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் வெளியே எடுத்து, நிழலில் பரப்பி, முளை கட்ட வைக்க வேண்டும். பிறகு உரம், பார் பிடிக்கக் கூலி, தண்ணீர். சிறு விவசாயியிடம் இவ்வளவு ரொக்கம் இருக்காது. ஆர்த்தியா என்று அங்கே சொல்லப்படும் கமிஷன் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவார். விளைந்ததை அவரிடமே போடுவார். நம் ஊர் மண்டி வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எப்போது நடுவது என்பது அடுத்த கேள்வி. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் கிழங்கு சரியாகத் திரளாது. அதிகச் சூட்டில் நட்ட விதை மண்ணிலேயே அழுகும். ஆகவே அக்டோபர் நடுதான் பொதுவான கணக்கு. ஆனாலும் செப்டம்பர் கடைசியிலேயே துணிந்து நடுகிறவர்கள் உண்டு. அறுபது எழுபது நாளில், டிசம்பர் தொடக்கத்திலேயே தோண்டி, புதுக் கிழங்கு என்று நல்ல விலைக்கு விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு. 2021 அக்டோபர் மூன்றாம் வாரம் உத்தராகண்டிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் கொட்டியது போன்ற ஒரு மழை வந்தால், அப்போதுதான் நட்ட கிழங்கு தண்ணீரில் ஊறி அழுகும். மறுபடி விதை வாங்கி நட வேண்டும், அதுவும் தாமதமாக. நவம்பர் நடுவுக்கு மேல் நட்டால் பயிர் இளசாக இருக்கும்போதே டிசம்பர், ஜனவரி மூடுபனியில் மாட்டும். மேகமூட்டமும் ஈரமும் குளிரும் சேர்ந்தால் இலைக்கருகல் நோய் ஒரு வாரத்தில் வயலைக் கறுக்க வைத்துவிடும். உறைபனி வேறு. ஆகவே அக்டோபரில் அங்கே பலத்த மழை என்று செய்தி வந்தால், டிசம்பரில் புதுக் கிழங்கு வரத்து தள்ளிப்போகும் என்று வியாபாரிகள் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

ரகமும் முக்கியம். சிம்லாவில் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் ரகங்கள், அருகிலுள்ள குஃப்ரி என்ற ஊரின் பெயரைத் தாங்கி வருகின்றன. குஃப்ரி புக்ராஜ் சீக்கிரம் பருக்கும், எடை நன்றாக வரும், ஆனால் நீர்ச்சத்து அதிகம். குஃப்ரி பஹார் பல காலமாக உத்தரப் பிரதேச விவசாயிகள் நம்பும் வெள்ளை ரகம். குஃப்ரி சிந்தூரி சிவப்புத் தோல், வைத்திருந்து விற்க ஏற்றது. வறுவலுக்கென்றே குஃப்ரி சிப்சோனா வந்தது. விவசாயி சீக்கிரம் பணம் வேண்டுமென்றால் புக்ராஜைத் தேடுவார். ஸ்டோரேஜில் வைக்க வசதி உள்ளவர் பஹாரை நடுவார். மூட்டை வாங்கும் நாம் பெரும்பாலும் "ஆக்ரா கிழங்கா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ரகத்தையும் கேட்டால் ஹோட்டல் வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்குவது குறையும்.

கடைசிக் கேள்வி, எவ்வளவு நடுவது. இதற்கு எந்த ஆராய்ச்சி நிலையமும் பதில் சொல்வதில்லை. போன வருஷம் விலை நன்றாக இருந்ததா, இந்த வருஷம் எல்லோரும் கூடுதலாக நடுவார்கள். 2016-17 பருவத்தில் மிகப் பெரிய விளைச்சல் வந்தது. 2017 முழுவதும் விலை எழவே இல்லை. மாநில அரசு குவிண்டால் 487 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தும் நிலைமை சீராகவில்லை. ஸ்டோரேஜ் வாடகையைக் கட்டி மூட்டையை எடுத்தால் நஷ்டம் கூடும் என்ற நிலையில் பல விவசாயிகள் எடுக்கவே வரவில்லை. 2018 ஜனவரி 6ஆம் தேதி விடியற்காலையில் லக்னோவில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு கொட்டிக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு அந்த வருஷம் கிழங்கு மலிவு. நட்டவருக்கு அது என்ன வருஷம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்; கடனில் விழுந்தவர் அடுத்த ஐப்பசியில் குறைவாக நடுவார், அந்தக் குறைவு நம்மிடம்தான் வந்து சேரும்.

பட்டாணியும் பூண்டும்

பச்சைப் பட்டாணியில் ஆர்க்கெல் என்ற முன்பருவ ரகத்தை செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை விதைக்கிறார்கள். பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கம் இதில் முந்தும். விதைத்த இரண்டு மாதத்தில் முதல் பறிப்பு, அதற்கே நல்ல விலை. ஆனால் விதை ஏக்கருக்கு 40 கிலோவுக்கு மேல் தேவை, மண் சூடாக இருந்தால் வாடல் நோயில் பாதிச் செடி போய்விடும். பூவும் பிஞ்சும் இருக்கும்போது உறைபனி விழுந்தால் அந்தப் பறிப்பு இல்லை. அடுத்த பூ வரக் காத்திருக்க வேண்டும். ஜனவரியில் திடீரென்று பத்து நாள் பட்டாணி கிடைக்காமல் விலை எகிறுவதற்கு இது ஒரு காரணம். நூறு கிலோ காய் உரித்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் மணி தேறும். பறித்தது முதலே இனிப்பு குறைந்து மாவாகிக்கொண்டே போவதால், இரண்டு நாள் பழைய காயை மலிவு என்று வாங்கிப் போடுவதில் லாபமில்லை.

பூண்டு மளிகைக்காரர்களுக்கு இன்னும் நெருங்கிய சரக்கு. ராஜஸ்தானின் கோட்டா, பாரன் மாவட்டங்களிலும், அதை ஒட்டிய மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதியிலும் அக்டோபரில் ஊன்றி மார்ச், ஏப்ரலில் தோண்டுகிறார்கள். அங்கே ஒரு விவசாயியின் முன்னால் பூண்டு, மல்லி, கடுகு, கடலை, கோதுமை எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கின்றன. பூண்டைத் தேர்ந்தெடுத்தால் ஏக்கருக்கு இரண்டு மூன்று குவிண்டால் பல்லையே விதையாகப் போட வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும் வருஷத்தில் விதையும் உச்சத்தில் இருக்கும். கடன் வாங்கி ஊன்றி, விலை சரிந்தபோது விற்க வேண்டி வரும். 2022இல் விலை அடிமட்டத்துக்குப் போய், மத்தியப் பிரதேசத்தில் பூண்டை ஆற்றிலும் சாலையிலும் கொட்டினார்கள். நொந்துபோனவர்கள் ஊன்றுவதைக் குறைத்தார்கள். 2024 தொடக்கத்தில் சில்லறையில் கிலோ 400 ரூபாய் என்று நாமே விற்றோம். பூண்டு விலை சரிந்து கிடக்கும் ஆண்டில் இரண்டு வருஷம் தள்ளி யோசிக்கும் வியாபாரிதான் சாமர்த்தியசாலி என்பது என் கருத்து. கோட்டாவில் பூண்டு குறைந்தால் மல்லியோ கடுகோ கூடும் என்பதையும் அவர் கவனிப்பார்.

வெங்காயத்தை இதில் சேர்க்கவில்லை. அதன் பெரிய வரத்து மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

கொள்முதல் செய்யும் அன்பர்களுக்கு ஒன்றிரண்டு நடைமுறைக் குறிப்புகள். டிசம்பர், ஜனவரியில் வரும் புதுக் கிழங்கு பெரும்பாலும் முதிராதது. தோலைக் கட்டை விரலால் தேய்த்தால் உரியும். ஆக்ராவிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர் குலுங்கி வந்து சேர்வதற்குள் காயம் பட்டுச் சேதாரம் கூடும். எனவே நாலைந்து நாளில் விற்கும் அளவே எடுப்பது நல்லது. செடியை வெட்டிவிட்டு பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விட்டுத் தோண்டிய கிழங்குக்குத் தோல் கெட்டியாக இருக்கும். பிப்ரவரிக் கடைசி, மார்ச் சரக்கில் இதைப் பார்க்கலாம். ஸ்டோரேஜில் வைக்கத் தகுந்ததும் அதுதான்.

அக்டோபர், நவம்பரில் வருவது ஸ்டோரேஜின் கடைசிக் கிழங்கு. 2 முதல் 4 டிகிரிக் குளிரில் எட்டு மாதம் கிடந்ததால் மாவு சர்க்கரையாகி இனித்துக் கிடக்கும். எண்ணெயில் போட்டால் பழுப்பேறும். கிழங்கு கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். மூட்டையைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில், வெளிச்சம் படாமல் ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் இனிப்பு பெருமளவு தணியும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கைத் தனியே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதில் நச்சுத்தன்மை உண்டு, வேக வைத்தாலும் போகாது.