வரி குறைந்த நாட்டில்தான் வியாபாரம் செழிக்குமா?

இப்போது வியாபாரிகள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "இங்கே வரி கட்டி மாளவில்லை. மாலைதீவில் பதினைந்து வீதம்தான். இந்தியாவிலும் நம்மை விடக் குறைவு. கடையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம்" என்பதே அந்தப் பேச்சு. பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. சிலர் காணியை விற்றும், மனைவி மக்களின் நகையை அடகு வைத்தும், அந்தப் பணத்தோடு புறப்படுகிறார்கள். எனவே மூன்று அயல் நாடுகளின் வரியையும் வியாபாரச் சூழலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனளிக்கும் என்று நினைக்கிறேன்.

இலாபத்தின் மீதான வரி

முதலில் கம்பனிகள் செலுத்தும் வருமான வரி. இலங்கையில் 2022 ஒக்டோபர் முதல் பொதுவான வீதம் 30. அதற்கு முன்னர் 24 ஆக இருந்தது. இந்தியாவில் 2019இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் உள்நாட்டுக் கம்பனிக்கு 22 வீதம். மேல்வரிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 25. பங்குடைமை வியாபாரத்திற்கு அங்கேயும் 30 வீதம்தான். மாலைதீவில் 2011 வரை வங்கிகளைத் தவிர ஏனைய வியாபாரங்களுக்குப் பொதுவான இலாப வரியே இருக்கவில்லை. அவ்வாண்டில் அறிமுகமான வரியில், 5 இலட்சம் ருஃபியாவுக்கு மேற்பட்ட இலாபத்திற்கு 15 வீதம் என்று வைத்தார்கள். 2020இல் வருமான வரிச் சட்டம் வந்த பின்னரும் கம்பனிகளுக்கு அதே எல்லையும் அதே வீதமும் தொடர்ந்தன.

30, 25, 15 என்று எழுதிப் பார்க்கும்போது மாலைதீவு வெகு மலிவாகத் தெரியும். ஆனால் இந்த வரி இலாபத்தின் மீது விழுகிறது, விற்பனையின் மீது அல்ல. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

நூறு ரூபாவுக்கு விற்றால் பத்து ரூபா தேறிய இலாபம் வரும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வரி 3 ரூபா. 15 வீத நாட்டில் 1 ரூபா 50 சதம். ஆக, நூறு ரூபா விற்பனைக்கு வித்தியாசம் ஒன்றரை ரூபா. மொத்த வியாபாரமாக இருந்து இலாபம் நாலு ரூபாவானால், வித்தியாசம் வெறும் 60 சதம். வருடத்திற்கு ஒரு கோடி ரூபா விற்கும் மொத்த வியாபாரிக்கு இது 60,000 ரூபா. ஒரு இலட்சம் ரூபா காசோலை ஒன்று திரும்பி வந்தாலே ஒரு வருட வரிச் சேமிப்பும் போய், அதற்கு மேலும் போய்விடும். கடை வாடகை இரண்டு வீதம் கூடினாலும் அதே கதைதான்.

கம்பனியாகப் பதியாமல் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்பவரின் நிலை வேறு. 2025 ஏப்ரல் முதல் இங்கே தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரை வரி விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்திற்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்திற்கும் 18, 24, 30 என்று ஏறி, மிகுதிக்கு 36. மாதம் 3 இலட்சம், அதாவது வருடம் 36 இலட்சம் இலாபம் காணும் ஒருவர் செலுத்த வேண்டியது 2 இலட்சத்து 22 ஆயிரம் ரூபா. இலாபத்தில் இது 6 வீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே இலாபத்திற்கு மாலைதீவில் வரி வராது என்பது உண்மையே. ஆனால் மாலே நகரின் கடை வாடகையையும், அங்கே ஒரு ஆள் தங்கிச் சாப்பிடும் செலவையும் அறிந்தவர்கள், இந்த 2 இலட்சத்து 22 ஆயிரம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைத் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனையின் மீதான வரி

அடுத்தது வற் வரி. இலங்கையில் 2024 ஜனவரி முதல் 18 வீதம். மாலைதீவில் இதற்குச் சமமான பொது ஜீ.எஸ்.டி. 2023 ஜனவரி முதல் 8 வீதம். சுற்றுலாத் துறைக்கு மட்டும் 2025 ஜூலை முதல் 17 வீதம். இந்தியாவில் 2017 ஜூலை முதலாம் திகதி வந்த ஜீ.எஸ்.டி. முதலில் 5, 12, 18, 28 என்று நான்கு படிகளில் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டு படிகளுக்குள் வந்தன. ஆடம்பரப் பொருட்கள் போன்ற சிலவற்றுக்கு 40 வீதம்.

முறையாக நடந்தால் இந்த வரி வியாபாரியின் பணமல்ல, வாடிக்கையாளரின் பணம். 100 ரூபா பொருளை 18 ரூபா வற் கொடுத்து வாங்கி, 120 ரூபாவுக்கு 21 ரூபா 60 சதம் வற் சேர்த்து விற்றால், திணைக்களத்திற்குப் போவது 3 ரூபா 60 சதம் மட்டுமே. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பக்கத்துக் கடைக்காரர் வற்றுக்குப் பதியாதவராக இருக்கும்போது. அவர் 118 ரூபாவுக்கு வாங்கி, அதே 20 ரூபா இலாபம் வைத்து 138க்கு விற்கலாம். பதிந்தவரின் விலையோ 141 ரூபா 60 சதம்.

ஆகவே வீதத்தோடு சேர்த்து, எந்த அளவு விற்பனைக்கு மேல் பதிய வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் 2020இல் வருடத்திற்கு 30 கோடி ரூபாவாக இருந்த எல்லை, 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. இதை 3 கோடியே 60 இலட்சமாக்கும் யோசனை 2026 வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. மாலைதீவில் எல்லை 10 இலட்சம் ருஃபியா. 2025ஆம் ஆண்டு நாணய மாற்று வீதப்படி நமது பணத்தில் சுமார் 2 கோடி. இந்தியாவில் பொருள் விற்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 40 இலட்சம் இந்திய ரூபா. நமது பணத்தில் ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. இங்கே வற் வலையில் அகப்படாத நடுத்தரக் கடை, அயல் நாடு இரண்டிலும் அகப்பட்டுவிடும். சிறு வியாபாரிக்கென இந்தியாவில் ஒரு இலகு வழியும் உண்டு. ஒன்றரைக் கோடி இந்திய ரூபா வரை விற்பவர் 1 வீதம் செலுத்திவிட்டு விவரமான கணக்கிலிருந்து தப்பலாம். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் அறவிடவோ, வாங்கும்போது கொடுத்த வரியைக் கழிக்கவோ முடியாது.

நமது நாட்டில் வியாபாரியை உண்மையாகவே நோகடிப்பது வேறொரு வரி. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியைச் சொல்கிறேன். இது வியாபாரத்தின் வகைக்கேற்ப விற்பனை முழுவதன் மீதோ அதில் ஒரு பங்கின் மீதோ விழுகிறது. இலாபம் வந்ததா, நட்டம் வந்ததா என்று கேட்பதில்லை. முன்னர் செலுத்தியதைக் கழிக்கவும் இடமில்லை. இறக்குமதிப் பொருளின் மீது சுங்கத்தில் விழும் செஸ் போன்ற வரிகளும் இப்படித்தான். மூன்று நாடுகளையும் ஒப்பிடுபவர் வருமான வரியின் 30ஐயும் 15ஐயும் விட, பொருள் கப்பலிலிருந்து இறங்கும்போது அதன் தலையில் எத்தனை வரி ஏறுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

நிலையில்லாத வீதம்

வரி கூடவா, குறையவா என்பதை விட, அது நாளைக்கும் அப்படியே இருக்குமா என்பது பெரிய கேள்வி. நமது வற் வரி 2016 நவம்பரில் 15 வீதம். 2019 டிசம்பரில் 8. 2022 ஜூனில் 12. அதே வருடம் செப்டம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. ஒரு கட்டட ஒப்பந்தத்திற்கு விலை கொடுத்தவர், வேலை முடிவதற்குள் மூன்று வீதங்களைக் கண்டிருப்பார். மாலைதீவில் 2012 ஜனவரியில் 6 வீதமாக்கிய பொது ஜீ.எஸ்.டி. 2022 முடியும் வரை மாறவேயில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 8 வீத வற் இருந்த காலம் நமக்குச் செழிப்பான காலமாக முடியவில்லை. அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது. அதோடு கொரோனாவும் வந்து சுற்றுலாவை முடக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென நாடு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எல்.சி. திறக்க வங்கியில் டொலர் இல்லை. லொறிக்கு டீசல் இல்லை. வரியில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கையை விட்டுப் போனது. எனவே குறைந்த வரி எப்போதும் நல்ல சூழலுக்கு அடையாளமல்ல. அந்த வீதத்தில் நாடு தாக்குப்பிடிக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கடை யாருடைய பெயரில்?

வெளிநாட்டில் கடை திறப்பதில் நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். இந்தியாவில் பல நிறுவனங்களின் பொருட்களை விற்கும் சில்லறைக் கடையில் வெளிநாட்டு முதலீடு 51 வீதம் வரைதான் அனுமதிக்கப்படும். அதற்கும் அரசாங்க அனுமதியும், குறைந்தது 10 கோடி டொலர் முதலீடும் வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள். மொத்த வியாபாரத்திற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மாலைதீவில் வெளிநாட்டவர் தன் பெயரில் தனிநபர் வியாபாரம் பதிய முடியாது. அனுமதிக்கப்பட்ட துறைகளில், அரசாங்க அனுமதியோடு முதலிட வேண்டும்.

இதனால் பலர் அந்நாட்டவர் ஒருவரின் பெயரில் கடையைத் திறந்து, வாய்ப் பேச்சில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி மூன்று வருடம் உழைத்தார். கடை நன்றாக ஓடத் தொடங்கியதும், பெயர் கொடுத்தவர் "கடை என்னுடையதுதானே" என்றார். பதிவும், வாடகை ஒப்பந்தமும், வங்கிக் கணக்கும் அவருடைய பெயரில்தான். நமது ஆள் விமானச் சீட்டோடு திரும்பி வந்தார். எழுதப்படாத பங்குக்கு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வலிமை குறைவு.

பணம் கொண்டுபோகும் வழியும் முக்கியம். வெளிநாட்டில் முதலிட மத்திய வங்கியின் விதிகளின்படி வங்கி மூலமாகவே அனுப்ப வேண்டும். உண்டியலில் அனுப்பிய முதலுக்கு ஆதாரம் இராது. இலாபத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது அதுவே கழுத்தைப் பிடிக்கும். அத்தோடு, இலங்கையில் வதிபவராகக் கணிக்கப்படும் ஒருவர் வெளிநாட்டில் உழைக்கும் வருமானத்திற்கும் இங்கே வரிப் பொறுப்புடையவர். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. கணக்கில் காட்டாமல் விடுவதற்கு வழியில்லை.

வரி இடைவெளியை நம்பிய தொழில்

இலங்கை-இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் இங்கே வனஸ்பதித் தொழிற்சாலைகள் முளைத்தன. காரணம் எளிது: இந்தியாவில் பாம் எண்ணெய்க்கு இறக்குமதி வரி மிக அதிகம், இங்கே குறைவு. இங்கே எண்ணெயை இறக்கி வனஸ்பதியாக்கி அனுப்பினால் இந்தியாவில் தீர்வை இல்லை. பிறகு இந்தியா அளவுக்கு வரம்பு விதித்தது. பாம் எண்ணெய் வரியையும் குறைத்தது. இடைவெளி மறைந்ததும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. மிளகு வியாபாரிகளும் இப்படி ஒரு அடியைக் கண்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்க முடியாதென இந்தியா அறிவித்தது. இரு நாட்டு வரி வித்தியாசத்தை மட்டும் அத்திவாரமாக வைத்துக் கட்டும் வியாபாரம், மறுபக்கத்து அரசாங்கத்தின் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு முடிந்துவிடலாம்.

உலக வங்கியின் வியாபார வசதித் தரவரிசையைச் சிலர் இன்னும் எடுத்துக் காட்டுகிறார்கள். 2020க்கான பட்டியலில் இந்தியா 63, இலங்கை 99, மாலைதீவு 147ஆம் இடம். அதாவது வரி மிகக் குறைந்த மாலைதீவே மூன்றிலும் கடைசி. ஆனால் தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் அந்த அறிக்கையே 2021இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பி முடிவெடுக்கவும் முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

அயல் நாட்டுச் சந்தையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போகாமலேயே விற்கலாமா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். மாலைதீவு உண்பதும் உடுப்பதும் பெரும்பாலும் இறக்குமதிதான். கொழும்பிலிருந்து அனுப்புபவருக்கு ஏற்றுமதி என்பதால் வற் வீதம் பூச்சியம். வாங்கும்போது கொடுத்த வற்றைத் திருப்பிக் கேட்கலாம். அது கைக்கு வரச் சுணங்கலாம் என்பதால், அதற்கும் சேர்த்து முதல் வைத்திருக்க வேண்டும். கடை அங்கேயுள்ளவருடையது, சரக்கு நம்முடையது, பணம் வங்கி வழியாக வரும் என்ற ஏற்பாட்டில் ஆபத்து குறைவு.

அப்படியும் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், புறப்படு முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருங்கள். என் பெயரில் அங்கே வியாபாரம் பதியலாமா? சரக்கு துறைமுகத்தில் இறங்கிக் கடைக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு? வாடகையும் ஆள் செலவும் விற்பனையில் எத்தனை வீதம்? இலாபத்தை டொலராக்கிச் சட்டப்படி கொண்டுவர முடியுமா? கடன் வாங்கியவர் தராவிட்டால் யாரிடம் போவது? இவற்றுக்குப் பிறகுதான் ஆறாவது கேள்வியாக வரி வீதத்தைக் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு நல்ல கணக்காளரோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு நாள் போதும். அதற்கு அவர் வாங்கும் கூலி, நகையை மீட்கும் வட்டியை விடக் குறைவாகத்தான் இருக்கும்.