பறப்பவற்றின் குடல் ஏன் குட்டை?

ஒரே எடையுள்ள எலி, வௌவால் இரண்டின் சிறுகுடலையும் அளந்தால் வௌவாலின் குடல்தான் குட்டையாக இருக்கும். சிறு பறவைகளிலும் அப்படித்தான். ஆனால் ஆற்றல் தேவையோ பறக்கும் உயிருக்குத்தான் அதிகம்.

குடலும் அதற்குள் கிடக்கும் உணவும் பறக்கும்போது வெறும் சுமை. அதனால் குடல் சிறுத்தது. உணவும் அதில் நெடுநேரம் தங்குவதில்லை. சில பழந்தின்னி வௌவால்கள் தின்ற பழத்தின் சக்கையை அரை மணி நேரத்துக்குள் கழித்துவிடுகின்றன. அதற்குள் பழச்சர்க்கரையில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. எப்படி?

நம் சிறுகுடலின் உட்சுவரில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்லின் மேற்பரப்பில் உள்ள கடத்திப் புரதங்கள் குளுக்கோஸை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கின்றன. எலிக்கும் நமக்கும் இதுவே முதன்மை வழி. அடுத்தடுத்த செல்களை இறுக்கிப் பிணைக்கும் இணைப்புகளுக்கு ஊடே கசிந்து போவது இன்னொரு வழி. நமக்கு அதனால் கிடைப்பது சொற்பம். பறப்பவற்றுக்கோ அதுவே பெருவழி.

இதைக் கண்டறிந்த சோதனையின் எளிமையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். அராபினோஸ் என்ற சர்க்கரையைக் குடலின் கடத்திப் புரதங்கள் ஏற்பதில்லை. அதை உண்ணக் கொடுத்த பிறகு இரத்தத்தில் கண்டால், செல்களின் இடைவெளி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்ரிக்கே கவியேதெஸ்-விதால், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கராசோவ் ஆகியோரின் குழு இத்தகைய சர்க்கரைகளைக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நம் வீட்டுச் சிட்டுக்குருவியும் அவர்களுடைய சோதனைகளில் இடம்பெற்றது. பறவைகளும் வௌவால்களும் குட்டைக் குடலின் குறையை இந்த இடைவெளி வழியால் ஈடுகட்டுகின்றன என்று 2007இல் அவர்கள் எழுதினார்கள். மறு ஆண்டு, தென் அமெரிக்காவில் வாழும் பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்றில் குளுக்கோஸ் உறிஞ்சலில் குறைந்தது 70 சதவீதம் இவ்வழியே நடப்பதாகக் கணக்கிட்டார்கள்.

வௌவாலும் பாலூட்டி, எலியும் பாலூட்டி. உறவால் வௌவால் எலிக்கே நெருக்கம். குடல் மட்டும் பறவையைப் போல வேலை செய்கிறது. பறக்கும் வாழ்க்கை இரு வேறு வம்சங்களைத் தனித்தனியே ஒரே தீர்வுக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பதே இதில் ஆகப் பெரிய செய்தி என்பேன். வௌவாலின் குடல் நீளம் குறைவு என்றாலும் விரல் போன்ற குடலுறிஞ்சிகளின் பரப்பு அதிகம். பரப்பு கூடினால் செல்கள் கூடும், செல்களுக்கு இடையிலான இணைப்புகளும் கூடும்.

இந்த வழியில் இன்னொரு லாபம், செல் தன் ஆற்றலைச் செலவிட வேண்டியதில்லை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நீரோடு சேர்ந்து தாமாகவே கடந்துவிடும்.

அப்படியானால் எல்லா விலங்குகளும் ஏன் இப்படிச் செய்வதில்லை? கடத்திப் புரதம் ஆள் பார்த்துத்தான் உள்ளே விடும். இடைவெளிக்கு அந்தத் தேர்வு கிடையாது. மூலக்கூறு சிறியதாக, நீரில் கரைவதாக இருந்தால் போதும். காய்கனிகளிலும் விதைகளிலும் பூச்சிகளிலும் அப்படிப்பட்ட நச்சுகள் உண்டு. குளுக்கோஸ் நுழையும் அதே சந்தில் அவையும் நுழையலாம். அந்த ஆபத்தைத் தவிர்க்க எந்த உணவைத் தின்பது, எதை விடுவது என்பதில் பறக்கும் விலங்குகள் கூடுதல் கவனம் காட்ட வேண்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.