எங்கே போனது சைக்கிளின் தோல் இருக்கை?

புதுதில்லி:

பழைய தில்லியில் சாந்தினி சௌக்கை அடுத்துள்ள எஸ்பிளனேட் சாலை, தலைநகரின் பழமையான சைக்கிள் சந்தைகளில் ஒன்று. கடை முகப்புகளில் டயர்களும் ரிம்களும் தோரணமாகத் தொங்க, அவற்றினிடையே நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன சைக்கிள் இருக்கைகள். கறுப்பு ரெக்சின் போர்த்தியவை, நுரைப்பஞ்சு அடைத்தவை, ஜெல் நிரப்பியவை எனப் பலவகை உண்டு. ஆனால், ஒரு காலத்தில் இந்தியச் சைக்கிள்களின் அடையாளமாகவே இருந்த கெட்டித் தோல் இருக்கையைக் கேட்டு வருபவர், பெரும்பாலும் வெறுங்கையுடன்தான் திரும்ப நேரிடுகிறது. ஜண்டேவாலான் சந்தையிலும், தென்தில்லியின் குளிரூட்டப்பட்ட கடைகளிலும் தேடினால் கிடைக்கக்கூடும். அது இறக்குமதிச் சரக்கு. விலையோ பல ஆயிரம் ரூபாய்.

சைக்கிள் இருக்கைக்குத் தில்லிவாசிகள் வழங்கும் இந்திச் சொல், தமிழில் எழுதினால் ‘கத்தி’ என்றாகி வெட்டும் கருவியை நினைவூட்டும். அரியணைக்கும் இந்தியில் அதே சொல்தான். தலைநகரில் ஓர் இருக்கைக்காக நடக்கும் தேடலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

தோல் இருக்கையின் சிறப்பு என்ன? அதில் மெத்தை கிடையாது என்பதே அதன் சிறப்பு. சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே தோல், முன்மூக்கிலும் பின்பக்கத் தகட்டிலும் ரிவிட் அடித்து, தூளிபோல் இழுத்துக் கட்டப்படுகிறது. கீழே இரும்புச் சட்டம், நடுவில் வெற்றிடம். உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் அந்த இரு இடங்களிலும் தோல் மெல்லக் குழிந்து, ஓட்டுபவரின் உடலுக்கேற்ற வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதைப் போன்றதுதான் இது. பழகும் வரையிலான வேதனையும் அவ்வாறே! தோல் தளர்ந்தால் மூக்கின் அடியிலுள்ள போல்ட்டை ஸ்பேனரால் அரைச்சுற்று முடுக்கினால் போதும். பராமரித்தால் பல்லாண்டுகள் உழைக்கும்.

மெத்தென்ற ஜெல் இருக்கையோ கடையில் விரலால் அழுத்திப் பார்ப்பவரை மயக்கிவிடும். அரைமணி நேரப் பயணத்திற்கு அது சுகமானதுதான். மூன்றாவது மணி நேரத்தில்தான் அதன் குணம் தெரியும். எலும்பு முனைகள் மெத்தைக்குள் அமிழ, நடுப்பகுதி மேலெழும்பி, நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் மென்மையான இடத்தை அழுத்துகிறது. நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள் சொல்லத் தயங்கும் மரத்துப்போதலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ரெக்சின் காற்றை விடாது, வியர்வையை உறிஞ்சாது. மே மாதத்துத் தில்லியில் 44 டிகிரி வெயிலில் நின்ற சைக்கிளின் ரெக்சின் மீது உட்கார்ந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

குதிரையும் சைக்கிளும்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1866ஆம் ஆண்டு, குதிரைச் சேணமும் தோல் பொருட்களும் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். அவரது குதிரை இறந்துபோகவே, இரவல் சைக்கிளில் வேலைக்குச் சென்றாராம். அதன் இருக்கை தந்த துன்பம் தாளாமல்தான் தோல் இருக்கையை வடிவமைத்தார் என்று அந்நிறுவனம் கதை சொல்லி வருகிறது. 1882இல் காப்புரிமை கோரப்பட்டது. கதை எப்படியானாலும், சைக்கிள் இருக்கை என்பது சேணத் தொழிலாளியின் கைவேலையிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. அந்நிறுவனத்தை 2002இல் இத்தாலியைச் சேர்ந்த ‘செல்லே ராயல்’ வாங்கியது. தொழிலாளி வேலைக்குப் போகும் சைக்கிளில் சாதாரணமாக இருந்த பொருள், வசதி படைத்தோரின் ஆசைப் பொருளானது.

விடுதலைக்குப் பின் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், அசன்சோலில் சென்-ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று ஆலைகள் எழுந்தன. ராடு பிரேக்கும் 28 அங்குலச் சக்கரமும் கொண்ட கறுப்புச் சைக்கிள் நாடெங்கும் ஓடியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்பதால் முழு எடையும் இருக்கையின் மீதே இறங்கும். எனவே அகன்ற தோலும், அடியில் கனத்த சுருள்வில்களும் அதற்குப் பொருந்தின. காலப்போக்கில் விலையைக் குறைக்கும் போட்டியில் முதலில் வெட்டப்பட்டது தோல்தான். சுருள்வில் எஞ்சியது, மேலே ரெக்சின் ஏறியது. அட்லஸின் சாகிபாபாத் ஆலையே 2020 ஜூன் 3ஆம் தேதி, அதாவது உலக சைக்கிள் தினத்தன்று, உற்பத்தியை நிறுத்தியது.

யாருடைய நெடும்பயணம்?

இன்று நெடும்பயணச் சைக்கிள் ஓட்டம் இந்திய நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவி வருகிறது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்கும் ‘பிரெவே’ ஓட்டங்கள் தில்லி உட்படப் பல நகரங்களில் நடக்கின்றன. நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் 1,200 கிலோமீட்டர் பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ் ஓட்டத்திற்கு 2019இல் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றனர். எந்த இருக்கை சிறந்தது என்ற விவாதம் இவர்களிடையே ஓய்வதேயில்லை.

ஆனால், பதக்கமோ சான்றிதழோ இன்றி இதே தொலைவை ஓட்டியவர்களும் இந்நாட்டில் உண்டு. 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின், புலம்பெயர் தொழிலாளர்கள் கையிலிருந்த பணத்துக்குச் சைக்கிள் வாங்கி உத்தரப் பிரதேசம், பீகார் நோக்கி மிதித்தனர். குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை, காயமுற்ற தந்தையைப் பின்னால் அமர்த்தி சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டிய 15 வயதுச் சிறுமியை நாடே வியந்து பாராட்டியது. அவள் ஏன் ஓட்ட வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்தப் பாராட்டில் அமுங்கிப்போனது.

சகாரன்பூரில் தொழிலாளர்களைப் பேருந்துகளில் ஏற்றிய அதிகாரிகள், சைக்கிள்களை அங்கேயே விட்டுச் செல்லச் சொல்லி டோக்கன் கொடுத்தனர். பலரால் திரும்பி வர இயலவில்லை. உரிமை கோரப்படாத 5,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் 2022இல் சுமார் 21 லட்சம் ரூபாய்க்கு ஏலம் விடப்பட்டன. ஒரு சைக்கிளுக்கு ஏறத்தாழ 400 ரூபாய்! தென்தில்லிக் கடையில் ஒரு தோல் இருக்கையின் விலைக்கு இவற்றில் இருபதுக்கும் மேல் வாங்கியிருக்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 44.8 சதவீத இந்தியக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. பால்காரரும், பத்திரிகை போடுபவரும், இரவுக் காவலாளியும் நாள்தோறும் இருபது, முப்பது கிலோமீட்டர் மிதிக்கின்றனர். இவர்களது உடல்நலம் எந்த வடிவமைப்பாளரின் மேசைக்கும் வருவதில்லை. தில்லியில் 2008இல் திறக்கப்பட்ட அம்பேத்கர் நகர்-மூல்சந்த் பேருந்துத் தடத்தில் இவர்களுக்கெனத் தனிப்பாதை அமைந்தது. கார் வைத்திருப்போரின் எதிர்ப்பு ஓயாத நிலையில், 2016இல் அத்தடமே இடித்தகற்றப்பட்டது.

கான்பூரின் தோல்

இந்த இருக்கைக்கு வேண்டிய தோல் இந்தியாவில் இல்லாததல்ல. ஆங்கிலேய ராணுவத்துக்காகச் சேணம் தைக்கத் தொடங்கிய கான்பூர், இன்றும் குதிரைச் சேணங்களை ஏற்றுமதி செய்கிறது; ‘கான்பூர் சேணம்’ புவிசார் குறியீடும் பெற்றது. செருப்பின் மேல்தோலுக்கு ஏற்றது குரோமியத்தில் பதனிட்ட மெல்லிய தோல். இருக்கைக்கோ வடிவம் ஏற்று, அவ்வடிவத்தைக் காக்கும் விறைப்பு வேண்டும். அது மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோலுக்கே உண்டு. வடக்கே கருவேலம் பட்டை. தமிழகத்தில் ஆவாரம் பட்டை.

தோலை உரிப்பவரும் பதனிடுபவரும் பெரும்பாலும் தலித்துகளும் முஸ்லிம்களுமே. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டி வைத்து அடிக்கப்பட்டனர். 2017 மே மாதம் மத்திய அரசு பிறப்பித்த விதி, சந்தைகளில் இறைச்சிக்காக மாடுகளை விற்பதற்குத் தடை போட்டது. பசு மட்டுமின்றி எருமையும் அதில் அடக்கம். அதற்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. கான்பூரின் ஜாஜ்மாவு ஆலைகள் 2019 கும்பமேளாவையொட்டி மாதக்கணக்கில் மூடப்பட்டன. கங்கையில் குரோமியக் கழிவு கலப்பது உண்மை. அதைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போதாமைக்கான விலையைக் கூலித் தொழிலாளி மட்டும் வேலையிழந்து செலுத்துவது என்ன நியாயம்?

இருக்கையின்றித் தவிக்கும் ஓட்டுநருக்குச் சில வழிகள் உண்டு. நெளிவட்டைத் துண்டின் மீது உட்கார்ந்து எழுந்தால் இரு எலும்புகளின் தடம் பதியும். அந்த இடைவெளியைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகன்ற இருக்கையே ஏற்றது. முன்குனிந்து ஓட்டுபவருக்குக் குறுகியதும், நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அகன்ற சுருள்வில் இருக்கையும் பொருந்தும். உயரம் குறைவாக வைத்தால் கால்கள் எடையைத் தாங்காமல் எந்த இருக்கையும் வலிக்கும். பழைய இரும்புச் சட்டம் கிடைத்தால், கெட்டித் தோலை நனைத்து, இழுத்து, ரிவிட் அடித்துத் தரும் கைத்திறன் சேணத் தொழிலாளரிடம் இன்னும் இருக்கிறது. கொழுப்பும் மெழுகும் கலந்த பசையை அவ்வப்போது தடவ வேண்டும். மழையில் நனைந்த தோலின் மீது ஓட்டினால் அது நிரந்தரமாகத் தொய்ந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்குமான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சில நூறு ரூபாய் ரெக்சின் இருக்கையில் இதனால் மிச்சமாவது ஒரு தேநீரின் விலை.