மூன்று மாத்திரை எடுத்தும் இரத்த அழுத்தம் குறையவில்லையா?

நீங்கள் உயர் இரத்த அழுத்தத்திற்கு மூன்று வகை மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறை பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போதும் அளவு கூடுதலாகவே இருக்கிறதா? கவலைப்படாதீர்கள். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அழுத்தம் நீண்ட காலம் கூடுதலாக இருந்தால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

சிகிச்சைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் என்றால் என்ன?

வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைப் போதுமான அளவில் எடுத்தும் இரத்த அழுத்தம் இலக்கை எட்டாத நிலை இது. அவற்றுள் ஒன்று பொதுவாக, சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரையாக இருக்கும்.

முதலில், அளவு சரிதானா?

சிலருக்கு மருத்துவரைப் பார்த்தாலே பதற்றத்தில் அழுத்தம் ஏறிவிடும்; வீட்டில் சரியாக இருக்கும். இதை அறியாமல் மருந்தைக் கூட்டினால் தலைசுற்றிக் கீழே விழ நேரிடலாம். எனவே வீட்டில் அளந்து குறித்து வைக்கும்படி மருத்துவர் சொல்லலாம்.

• மேற்கையில் பட்டை சுற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். பட்டை உங்கள் கைக்கு ஏற்ற அளவில் இருக்கவேண்டும். சிறிய பட்டை, அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.
• அளப்பதற்கு முன் 30 நிமிடங்களுக்குக் காப்பி, தேநீர், புகைபிடித்தல், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிடுங்கள்.
• நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கால்மேல் கால் போடாதீர்கள். பேசாதீர்கள்.
• கையை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் வையுங்கள்.
• காலையில் மாத்திரை எடுப்பதற்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளவிடுங்கள். 7 நாட்கள் தொடருங்கள்.

எல்லா எண்களையும் அப்படியே எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிடாதீர்கள். வீட்டில் எடுத்த சராசரி அளவு 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பொதுவாக உயர்வாகக் கருதப்படும். உங்களுக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலருக்கு 24 மணி நேரம் கையில் கருவி பொருத்தப்படும். தூங்கும்போதும் அழுத்தம் குறைகிறதா என்பதை அது காட்டும்.

மாத்திரை பற்றி உண்மையைச் சொல்லுங்கள்

மறந்துவிட்டீர்களா? அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று நீங்களே நிறுத்திவிட்டீர்களா? தயங்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். நீங்கள் சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் இன்னொன்றைச் சேர்க்கக்கூடும்.

மூட்டுவலிக்கு நீங்களே வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், அதிமதுரம் சேர்ந்த நாட்டு மருந்துகள் ஆகியவையும் அழுத்தத்தைக் கூட்டலாம். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வேறு காரணம் இருக்கலாம்

• சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா? பகலில் தூக்கம் வருகிறதா? தூக்கத்தில் மூச்சு தடைபடுவது காரணமாக இருக்கலாம்.
• அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்தால், உடலில் உப்பு தங்கி அழுத்தம் ஏறும். இரத்தப் பரிசோதனையில் இதற்கான அறிகுறி தெரியவரும். இதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.
• சிறுநீரக நோய், அல்லது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்குவதும் காரணமாகலாம்.

உப்பைக் குறையுங்கள்

நாளொன்றுக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கும் (5 கிராம்) குறைவான உப்பு போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், சோயா சாஸ், உடனடி நூடல்ஸ் ஆகியவற்றில் உப்பு அதிகம். உணவங்காடியில் சாப்பிடும்போது குழம்பைக் குறைவாக ஊற்றச் சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் 995 எண்ணை அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் அளவு 180/120க்கு மேல் இருந்தால், சற்று ஓய்வெடுத்து மீண்டும் அளவிடுங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் 7 நாள் குறிப்பையும் மருந்துப் பையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.