பிரேக் பிடித்தால் வாகனம் உதறுகிறதா? பாகம் வாங்குமுன் காரணத்தைத் தேடுங்கள்

கடையில் ஒரு மூடை குறைந்தால் அன்றிரவே கணக்குப் பார்க்கிறோம். அந்த மூடையை ஏற்றிச் செல்லும் வேனில் ஒரு கோளாறு என்றால் மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறோம். நானும் அப்படித் தள்ளிப் போட்டவன்தான். அதனால் பட்ட நட்டத்தை நம் வர்த்தக சகோதரர்களுக்குச் சொல்வது பயனளிக்கும் என நினைக்கிறேன்.

கண்டியிலிருந்து மாவனல்லை, கேகாலைப் பக்கக் கடைகளுக்குச் சரக்கு விநியோகிப்பது எனது தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, என்னைப் போன்ற பலரும் பழைய வேனையே திருத்தித் திருத்தி ஓடினோம். அக்காலத்தில் ஒரு நாள் எனது சாரதி, "நானா, கடுகண்ணாவை இறக்கத்துல பிரேக்க மிதிச்சா ஸ்டியரிங் ஒதறுது" என்றார். சீசன் வியாபாரம் முடியட்டும் என்றேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு டயர் கடைக்கு அனுப்பி வீல் பேலன்ஸ் செய்தேன். பலனில்லை. ஒரு கராஜில் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று லேத்தில் கடைந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் மீண்டும் உதறல். இறுதியில் புது டிஸ்க்கும் பேட்டும் வாங்கிப் போட்டேன். வேன் வெண்ணெய் போல ஓடியது. ஆனால் மூன்று மாதத்தில் பழைய உதறல் திரும்பி வந்தது. மூன்று பில்கள் கட்டியும் காரணம் தெரியவில்லை.

நான்காவதாகச் சென்ற இடத்தில் இருந்த வயதான பாஸ், எதையும் கழற்றுமுன் சாரதியிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

முதலாவது, பிரேக் பிடிக்காதபோதும் உதறுகிறதா? அப்படியானால் டயர், ரிம், பேலன்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் பிரேக்கில்தான். நான் பேலன்ஸுக்குக் கொடுத்த காசு வீண் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது, எங்கே உதறுகிறது? ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீற்றிலும் உடம்பிலும் உணர்ந்தால் பின் ட்ரம் வட்டம் கெட்டிருக்கலாம்.

மூன்றாவது, ஓடி வந்து நிறுத்தியதும் ஏதாவது ஒரு சில்லு மட்டும் மற்றதை விடச் சூடாக இருக்கிறதா? "இடது முன் சில்லு" என்றார் சாரதி. அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

சில்லைக் கழற்றி, டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து டிஸ்க்கைச் சுற்றிக் காட்டினார். பல கார்களுக்கும் சிறிய வேன்களுக்கும் டிஸ்க் பக்கவாட்டில் ஆடக்கூடிய எல்லை 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரைதான். அதாவது ஒரு தாளின் தடிப்பளவு. எனது வேனில் அந்த எல்லை தாண்டியிருந்தது. ஆனால் குற்றம் டிஸ்க்கில் இல்லை. டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யாமலேயே புது டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறார்கள்.

டிஸ்க் சற்றுச் சாய்ந்து அமர்ந்தால், பிரேக் பிடிக்காத போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேட்டில் உரசும். ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் அந்த இடம் தேய்ந்து, டிஸ்க்கின் தடிப்பு ஓரிடத்துக்கு ஓரிடம் வேறுபடும். 0.02 மில்லிமீற்றர் வேறுபாடே போதும், ஸ்டியரிங் உதறத் தொடங்கும். புது டிஸ்க் மூன்று மாதம் நன்றாக இருந்து பின்னர் கெட்டதன் இரகசியம் இதுதான்.

அத்துடன் இடது கலிப்பரின் வழுக்கு பின் இறுகிப்போய், பேட் முழுதாக விலகாமல் டிஸ்க்கைச் சூடாக்கிக் கொண்டிருந்தது.

பாஸ் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கினார். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் பூசினார். சாதாரண கிரீஸ் இறப்பரை ஊதச் செய்யும் என்றார். டிஸ்க்கில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்த்து, இடமிருந்ததால் இலேசாகக் கடைந்தார். சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராக, டோர்க் சாவியால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினார். ஏறுக்குமாறாக இறுக்கினாலும் டிஸ்க் கோணிவிடும். மீண்டும் டயல் கேஜை வைத்து எனக்குக் காட்டிய பிறகே வேனைத் தந்தார். அவருடைய பில், முந்திய மூன்றில் எதையும் விடக் குறைவு.

எனவே நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. டிஸ்க் மாற்றச் சொன்னால், ஹப் முகத்தைச் சுத்தம் செய்தார்களா, ஆட்டத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். பழைய டிஸ்க் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருந்தால் கடையவேண்டாம், மாற்றிவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் பெடலிலேயே காலை வைத்திருக்காமல் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள். திடீர் பிரேக்கின்போது ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் பெடல் துடிப்பது இயல்பு, அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் உதறலுடன் இரும்பு உரசும் சத்தம் வந்தாலோ, வாகனம் ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் கீழே போனாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

வேன் திருந்திய அன்று சாரதி சொன்னார், "ரெண்டு மாசமா அந்த எறக்கத்துல லோட்டோட எறங்கக்குள்ள புள்ளைகள நெனச்சிட்டுத்தான் எறங்கின, நானா." நட்டக் கணக்கில் நான் மூன்று பில்களைத்தான் எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேன் நின்றதும், "ஏதும் வித்தியாசமா தெரியுதா தம்பி?" என்று நானே கேட்கிறேன்.