வீட்டில் அமர்ந்திருந்தால் வந்திருக்குமா?

ஜகாத் தண்டுவதற்காக அனுப்பப்பெற்ற ஒருவர் மதீனா நகருக்குத் திரும்பி வருகிறார். அஸ்து குலத்தைச் சேர்ந்த அவரை இப்னுல் லுத்பிய்யா என்று அழைப்பர். பனூ சுலைம் குலத்தாரிடமிருந்து அறவரியைத் திரட்டி வரும் பொறுப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். திரட்டி வந்ததை அவர் இரு பங்காகப் பிரித்து வைக்கிறார். ஒன்றைச் சுட்டி, இது உங்களுக்கு உரியது என்கிறார். மற்றொன்றைச் சுட்டி, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்கிறார்.

அவர் எதையும் மறைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இரண்டாம் பங்கை வழியிலேயே தம் இல்லத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அனைவரும் காணக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய உள்ளத்தில் அது தவறாகவே தோன்றவில்லை. மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள், அவர் பெற்றுக்கொண்டார். இதில் என்ன குற்றம்?

அண்ணலார் மிம்பர் மேடையில் ஏறினார்கள். இறைவனைப் புகழ்ந்துவிட்டு, நாம் ஒருவரை ஒரு பணிக்கு அனுப்புகிறோம். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு என்கிறாரே, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ அமர்ந்திருந்து, தமக்கு இந்த அன்பளிப்பு வருகிறதா இல்லையா என்று பார்த்திருக்கலாகாதா என்று வினவினார்கள். முறையின்றிப் பெற்ற பொருள் எதுவாயினும், பெற்றவர் அதனை மறுமை நாளில் தம் கழுத்தில் சுமந்து வருவார். அது ஒட்டகமாயின் கனைக்கும், பசுவாயின் கதறும், ஆடாயின் கத்தும் என்றும் எச்சரித்தார்கள். பின்னர் இரு கரங்களையும் உயர்த்தி, நான் எடுத்துரைத்துவிட்டேனல்லவா என்று இறைவனையே சாட்சியாக்கினார்கள். அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

மேடையில் நின்று பேசியபோது அண்ணலார் அம்மனிதரின் பெயரைக் குறிப்பிடவில்லை. நாம் அனுப்பும் பணியாளர் என்று பொதுவாகவே சுட்டினார்கள். ஓர் ஆளைக் கூட்டத்தின் நடுவே நாணச் செய்வது அவர்களுடைய நோக்கமன்று. பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதற்கு ஒரு கேள்வியைத் தந்துவிட்டுச் செல்வதே நோக்கம்.

அந்தக் கேள்வியின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பொருளின் மதிப்பு எவ்வளவு என்று அது கேட்கவில்லை. கொடுத்தவருக்குக் கைம்மாறாக என்ன செய்தாய் என்று துருவவில்லை. கொடுத்தவரின் உள்நோக்கத்தையும் ஆராயவில்லை. வந்த பொருள் மனிதனைத் தேடி வந்ததா, அவன் அமர்ந்திருக்கும் இருக்கையைத் தேடி வந்ததா என்பது ஒன்றையே கேட்கிறது. இதற்கு விடை காணச் சட்டப் புலமை வேண்டியதில்லை. பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பெருநாளன்று வீட்டு வாசலில் எத்தனை தட்டுகள் வந்து இறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

பின்னாளில் ஆட்சிக்கு வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஒருநாள் ஆப்பிள் உண்ண ஆசை எழுந்தது என்றும், அதனை அறிந்த உறவினர் ஒருவர் ஒரு தட்டு நிறைய அனுப்பினார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலீஃபா அதன் மணத்தைப் பாராட்டினார்கள். பிறகு தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நபிகளாரே அன்பளிப்பை ஏற்றுக்கொண்டார்களே என்று அருகிலிருந்தவர் எடுத்துரைத்தபோது, அவர்களுக்கு வந்தது அன்பளிப்பு, நமக்கு வருவது கையூட்டு என்று பதிலுரைத்தார்கள். இதே கலீஃபா அரசு விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றிய கதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதனினும் இந்த ஆப்பிள் தட்டே நம் சிந்தனைக்கு உரியது என்பது என் எண்ணம். விளக்கெண்ணெயைக் கணக்கிடுவது எளிது. அன்போடு நீட்டப்படும் தட்டை மறுப்பதோ கடினம்.

இனி, இதனினும் சிக்கலான ஒரு வழக்கைக் காண்போம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தொகுத்த முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் புதல்வர்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் ஆகிய இருவரும் ஒரு படையுடன் இராக் சென்றிருந்தனர். திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநரான அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். அவர்கள் இருவரையும் அன்போடு வரவேற்று, உங்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் செய்ய இயலுமாயின் மகிழ்வேன் என்றார்கள். அப்போது அவர்களுக்கு ஒரு வழி தோன்றியது. மதீனாவிலுள்ள கலீஃபாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் ஆளுநரிடம் இருந்தது. அதனை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இங்குள்ள சரக்குகளை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்திவிட்டு ஆதாயத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இளைஞர்கள் இசைந்தனர். இவர்களிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்களுக்கு ஆளுநர் கடிதமும் எழுதிவிட்டார்கள். சரக்கு விற்றது. ஆதாயமும் கிடைத்தது. முதலைச் செலுத்தப் புதல்வர்கள் தந்தையின் முன் வந்து நின்றனர்.

இதில் குறை எங்கே இருக்கிறது? களவு இல்லை. மறைப்பும் இல்லை, கடிதமே சான்று. பொதுநிதிக்கு ஒரு திர்ஹமும் இழப்பில்லை. கொடுத்தவர் நபித்தோழர். பெற்றவர்களுள் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களோ தம் காலத்து மக்களால் பேணுதலுக்கு இலக்கணமாகக் கருதப்பெற்றவர்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். உங்களுக்குக் கடன் தந்ததைப் போல் படையிலிருந்த ஒவ்வொருவருக்கும் அவர் தந்தாரா?

இல்லை என்று இருவரும் கூறினர். அப்படியானால் அமீருல் முஃமினீனின் மக்கள் என்பதனால்தான் தந்திருக்கிறார். முதலையும் ஆதாயத்தையும் சேர்த்துச் செலுத்துங்கள் என்று தீர்ப்பளித்தார்கள்.

அப்துல்லாஹ் (ரலி) வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ் மட்டும் வாதிட்டார். இது தங்களுக்குத் தகாது. பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்களல்லவா ஈடு செய்திருப்போம் என்றார். வணிக நோக்கில் அது வலுவான வாதமே. இழப்பின் அபாயத்தை ஏற்றவனுக்கே ஆதாயம் என்பது எல்லா நாட்டு வணிகரும் ஒப்பிய நியாயமல்லவா? எனினும் தந்தை மீண்டும், செலுத்துங்கள் என்றே கூறினார்கள். மகனும் மீண்டும் அதையே எடுத்துரைத்தார். அவையிலிருந்த ஒருவர் குறுக்கிட்டு, இதனைக் கூட்டு வாணிபமாகக் கருதிவிடலாமே என்று யோசனை கூறினார். உமர் (ரலி) அவர்கள் அதற்கு இணங்கினார்கள். முதலும் ஆதாயத்தில் பாதியும் பொதுநிதிக்குச் சென்றன. மறுபாதியைப் புதல்வர்கள் பெற்றனர். முதல் ஒருவருடையதாகவும் உழைப்பு மற்றொருவருடையதாகவும் அமையும் கூட்டு வாணிபத்திற்குச் சட்ட அறிஞர்கள் காட்டும் சான்றுகளுள் இத்தீர்ப்பும் ஒன்று. முளாரபா என்னும் பெயரில் இன்றைய இஸ்லாமிய வங்கிகள் பின்பற்றுவதும் அம்முறையே.

இந்த அவையில் நடந்த உரையாடலை மேனாட்டு அறநூல் பயின்றவர் ஒருவர் செவிமடுத்திருப்பின் வியந்திருப்பார். ஒரு செயலின் நன்மை தீமையை அதன் விளைவைக் கொண்டே அளக்க வேண்டும். பலருக்கு மிகுந்த நன்மை தருவதே அறம் என்று 1789இல் வெளிவந்த தம் நூலில் பெந்தாம் எழுதினார். அந்த அளவுகோலை மேலோட்டமாக வைத்துப் பார்த்தால் பஸராவில் நடந்தது குற்றமற்றது. எவருக்கும் இழப்பில்லை, இருவருக்கு இலாபம். அவருக்கு நான்கு ஆண்டு முன்னதாக, 1785இல், ஜெர்மானிய அறிஞர் காண்ட் வேறோர் அளவுகோலை வகுத்திருந்தார். நீ பின்பற்றும் விதி எல்லோருக்கும் பொதுவான விதியாக அமையத் தகுமா என்று பார், தகாதாயின் அச்செயலைச் செய்யாதே என்பது அதன் சாரம். படையினர் அனைவருக்கும் தந்தாரா என்ற கேள்வி இதற்கு எவ்வளவு அணுக்கமாக நிற்கிறது! இன்னார் முன்னமே சொல்லிவிட்டார் என்று மார்தட்டிக்கொள்வதற்காக இதனை எழுதவில்லை. காண்ட் அறிவின் வழியே தேடியதும், உமர் (ரலி) அவர்கள் இறைவன் முன் விடை சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தின் வழியே கண்டதும் வெவ்வேறு ஊற்றுகள். எனினும் நீர் ஒரே பள்ளத்தில் வந்து தேங்குகிறது.

எண்ணத்தைக் கொண்டே செயல்கள் மதிப்பிடப்பெறும் என்பது நபிமொழி. புகாரி தொகுப்பின் தொடக்கத்திலேயே அது வைக்கப்பெற்றிருக்கிறது. அபூ மூஸா (ரலி) அவர்களின் எண்ணத்தில் மாசு இருந்ததாக உமர் (ரலி) அவர்களும் கூறவில்லை. ஆயினும் நல்லெண்ணம் என்பது பொதுப்பணத்தை வேண்டியவர்க்கு மட்டும் திறந்துவிடும் உரிமைச் சீட்டு ஆகாது. பொதுப்பணியில் நேர்ந்துவரும் தீங்குகளிற் பெரும்பகுதி தீயவர்களால் விளைவதன்று. அன்பு மிக்க நல்லவர்கள், தெரிந்தவர்க்கு ஓர் உதவி என்று எண்ணிச் செய்வதனாலேயே விளைகிறது. வரிசையில் நிற்கும் முகமறியாத மனிதன் அந்த அன்பின் கணக்கில் வருவதேயில்லை.

நம் நாட்டின் விதிகளும் இதே கேள்விகளை வேறு சொற்களில் கேட்கின்றன. தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் அவர்களின் தலைமையில் 1962இல் அமைக்கப்பெற்ற ஊழல் தடுப்புக் குழு 1964இல் அறிக்கை அளித்தது. மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்ததும் அந்த 1964ஆம் ஆண்டில்தான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவ்விதிகளுள் பதின்மூன்றாவது அன்பளிப்பைப் பற்றியது. திருமணம், சமயச் சடங்கு போன்ற வேளைகளில் நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பில்லாத நண்பரிடமும் வழக்கத்தையொட்டிய பரிசைப் பெறலாம். குறித்த மதிப்பை மிஞ்சினால் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது. அலுவல் தொடர்பில்லாத என்ற அந்தச் சிறு தொடரை உற்று நோக்குங்கள். தந்தை வீட்டில் அமர்ந்திருந்தால் வந்திருக்குமா என்ற கேள்வியே அங்கு சட்ட உடை தரித்து நிற்கிறது. சொத்துக் கணக்கு அளிக்கும் விதியும் அவ்வாறே. ஆளுநர்களைப் பணியில் அமர்த்தும்போதே அவர்களது உடைமைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்வது உமர் (ரலி) அவர்களின் வழக்கமாக இருந்தது.

விதி இருக்கிறது. மொய்ப் பணமும் இருக்கிறது. அதிகாரியின் மகள் திருமணத்தில் ஒப்பந்தக்காரர் எழுதும் மொய், உறவினர் எழுதும் மொய்யினும் பன்மடங்கு கனமாக இருப்பதை நம்மில் எவர் அறியோம்? நாளை அவர் வீட்டுத் திருமணத்தில் அதே தொகையைத் திருப்பி எழுத அதிகாரியால் இயலுமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தால், அது மொய்யா வேறா என்பது விளங்கிவிடும்.

குடிமைப் பணித் தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் அறநெறிக்கென ஒரு தனித்தாள் வைத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். எனினும் அறத்தைப் பற்றி நன்றாக எழுதுவது வேறு, பொறுப்பைச் சுமப்பது வேறு. நல்லவராயிருப்பதே கூடச் சில வேளைகளில் போதாது. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பதவி தருமாறு அண்ணலாரிடம் வேண்டினார்கள். அவர்களைப் போன்ற வாய்மையாளர் அரியர் என்று அண்ணலாரே போற்றியதாக நபிமொழி உண்டு. ஆயினும் அண்ணலார் அவர்களின் தோளில் தட்டி, நீர் பலவீனர். அதுவோ ஓர் அமானிதம். அதனை உரிய முறையில் ஏற்று, உரிய கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்க்கு மறுமையில் அது இழிவும் வருத்தமுமாகும் என்று கூறிவிட்டார்கள். தோளில் தட்டிய அந்தக் கரத்தின் பரிவையும் காண வேண்டும்; சொல்லிய சொல்லின் உறுதியையும் காண வேண்டும்.

உறவினர்க்கும் இதே அளவுகோல்தான். 630ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பெற்ற நாளில் கஅபாவின் திறவுகோல் அண்ணலாரின் கையில் இருந்தது. அப்பெருமையைத் தம் குடும்பத்திற்கு அளிக்குமாறு நெருங்கிய உறவினரே கேட்டனர். அண்ணலாரோ, அதுவரை அதனைக் காத்து வந்த உஸ்மான் இப்னு தல்ஹா அவர்களை அழைத்து அவரிடமே திருப்பித் தந்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு பணிக்கும் திருமறையின் 4:58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் கூறுவர். அத்திறவுகோல் இன்றும் அக்குலத்தாரிடமே இருந்து வருகிறது.

இறுதியாக, முதல் கலீஃபாவின் வீட்டுக்குள் ஒரு பார்வை. 632இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மறுநாள் காலை, அபூபக்ர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணிமூட்டையைத் தோளில் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள் என்பர். வணிகம் செய்தால் மக்கள் பணியை யார் பார்ப்பது என்று தோழர்கள் தடுத்து, பொதுநிதியிலிருந்து ஒரு படித்தொகையை நிர்ணயித்தார்கள். இரண்டாண்டு சென்றது. இறப்பு நெருங்கியபோது மகளார் ஆயிஷா (ரலி) அவர்களை அழைத்தார்கள். நாம் பால் அருந்திய ஒட்டகம், உணவருந்திய பாத்திரம், போர்த்திக்கொண்ட போர்வை ஆகியவை நான் மக்கள் பணியில் இருந்தவரை நமக்கு உரியவை. நான் மறைந்ததும் உமரிடம் சேர்ப்பித்துவிடு என்று கூறினார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு.

அவ்வாறே அவை உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவரப்பெற்றன. ஒரு பழைய போர்வையும் ஒரு பாத்திரமும் ஓர் ஒட்டகமும். அவற்றைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அபூபக்ரே, இறைவன் தங்களுக்கு அருள்புரிவானாக. தங்களுக்குப் பின் வருபவரைப் பெரும் சிரமத்தில் ஆழ்த்திவிட்டீர்களே என்றார்களாம்.