நகராத பல்லுக்கு நுட்பமான அளவு

மாணவர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கைகளைக் கழுவிவிட்டு முன்பல் ஒன்றை விரலால் மெல்ல அழுத்துங்கள். அது அசையவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைகிறது! பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய இழைகள் மெத்தைபோல் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

பல்லை இழந்தவர்களுக்குப் பொருத்தப்படும் ‘இம்பிளான்ட்’ எனும் செயற்கை வேருக்கு அந்த மெத்தை கிடையாது. டைட்டானியத்தால் ஆன சிறு திருகு அது. 1952ல் சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார். முடியவில்லை. எலும்பு அதனுடன் இறுகப் பிணைந்திருந்தது. அந்தப் பிணைப்பை நம்பி 1965ல் முதன்முறையாக ஒரு மனிதருக்குச் செயற்கை வேர்களைப் பொருத்தினார்.

இறுகப் பிணைவதுதான் அதன் பலம். சிக்கலும் அதுவே. தவறான கோணத்தில் வைத்த வேர் தானாக நகர்ந்து சரியாகாது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. திருகு அதைத் தொட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகலாம். ஆகவே நரம்புக்கு மேலே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம்.

இரண்டு படங்கள், ஒரே திட்டம்

இத்தகைய சிகிச்சை நடக்கும் இடங்களில் ஒன்று நம் புக்கிட் மேரா வட்டாரத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தில், ஊட்ரம் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, 1997 முதல் இயங்கிவரும் தேசியப் பல் மருத்துவ நிலையம்தான் அது.

முன்பெல்லாம் வாயின் அளவை எடுக்க, ஒரு தட்டில் பசையை நிரப்பிக் கடிக்கச் சொல்வார்கள். அந்த அச்சில் சுண்ணச்சாந்து ஊற்றி மாதிரி செய்வார்கள். பசை சற்றே சுருங்கினாலும் சாந்து சற்றே விரிந்தாலும் அளவு மாறிவிடும்.

இப்போது பல துலக்கியைப் போன்ற ஒரு கருவியை வாய்க்குள் நகர்த்தினால் போதும். அது பற்களின்மீது ஒளிக்கோலங்களை வீசுகிறது. மேடுபள்ளங்களில் அந்தக் கோலம் வளைவதைக் கேமரா பதிவு செய்கிறது. கணக்குப் பாடத்தில் முக்கோணத்தின் கோணங்களைக் கொண்டு தொலைவைக் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா? பல கருவிகள் அதே முறையில்தான் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் பிறந்த இவ்வகைக் கருவியொன்று 1985லேயே நோயாளிக்குப் பயன்பட்டது.

ஆனால் ஒளியால் ஈறுக்குள் புக முடியாது. எலும்பையும் நரம்பையும் காட்ட, தலையைச் சுற்றிவந்து எக்ஸ்ரே படங்கள் எடுக்கும் ‘கோன் பீம் சிடி’ தேவை. இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, திருகின் இடம், ஆழம், கோணம் ஆகியவற்றை மருத்துவர் தீர்மானிக்கிறார். பிறகு, துளையிடும் கருவிக்கு வழிகாட்டும் அச்சு ஒன்று முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாகிறது.

சில மாதங்களில் எலும்பு பிணைந்ததும் மீண்டும் ஒரு ஸ்கேன். இம்முறை வேரின்மீது சிறிய அடையாளக் குச்சி ஒன்றைத் திருகுவார்கள். அதன் வடிவம் கணினிக்கு முன்பே தெரியும். ஆகவே ஈறுக்குள் மறைந்திருக்கும் வேர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற பல்லை வடிவமைக்க முடிகிறது.

கருவியும் தவறும்

எச்சிலும் இரத்தமும் ஒளியைக் குழப்பும். சிறு சிறு படங்களை ஒட்டித்தான் முழு வரிசையும் உருவாகிறது என்பதால், நீளம் கூடக்கூடப் பிழையும் சேரும். எனவே திரையில் தெரிவதை வாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவரின் கண் இன்றும் தேவை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாடை வளர்ந்து முடியும்வரை பொதுவாகச் செயற்கை வேர் வைப்பதில்லை. மற்ற பற்கள் தாடையோடு வளர, அது மட்டும் பின்தங்கிவிடும். ஆகவே விளையாட்டில் நிரந்தரப் பல் ஒன்று விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். உடனே திரும்பப் பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு, நேரம் கடத்தாமல் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். மெத்தையோடு கூடிய சொந்தப் பல்லுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.